கிந்தனை ஏற்றிச் சென்ற ரயில்

கேள்வி இதுதான்: "அந்தக் காலப் படங்களில் சாதியே கிடையாது, இப்போதுதான் எதற்கெடுத்தாலும் சாதியை இழுக்கிறார்கள் என்று அப்பா சொல்கிறார். நாடகம், சினிமா இவற்றை வைத்து ஒரு காலத்தின் அரசியலையும் மதிப்புகளையும் புரிந்துகொள்ள முடியுமா? முடியுமென்றால், அப்பா சொல்வது சரியா?"

முடியும். அப்பா சொல்வதுதான் சரியில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். அவர் விவரம் தெரிந்து படம் பார்க்கத் தொடங்கிய வருஷங்களில் தமிழ்ப் படம் சாதியை வேறு பெயர்களில் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பெயர்கள் பழகிப்போனவருக்கு இப்போது நேராகச் சொல்லும்போது புதிதாகத்தான் தெரியும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் ஒன்றும் பிடிபடாது. நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி, ஒரே கதையை வெவ்வேறு காலத்தில் எப்படி முடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. நம்மிடம் அதற்கு அருமையான கதை ஒன்று இருக்கிறது: நந்தன் கதை.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் நந்தனாருக்குப் பண்ணையார் கிடையாது. ஆதனூர்ப் புலைப்பாடியில் இருக்கிறார், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார், தில்லைக்குப் போக ஏங்குகிறார். அவரை நிலத்தில் கட்டிப்போட்ட வேதியர், 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய கீர்த்தனையில்தான் வருகிறார். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே ராத்திரியில் அறுத்துக் களம் சேர்த்துவிட்டுப் போ என்கிறவர் அவர். "மாடு தின்னும் புலையா, உனக்கு மார்கழித் திருநாளா?" என்று கேட்பவரும் அவரே. காவிரிப் படுகையின் பண்ணையடிமை வாழ்க்கை கண்ணெதிரே இருந்த காலம் அது. பக்திக் கதைக்குள் பண்ணை புகுந்ததில் வியப்பே இல்லை. எழுத்துத் தெரியாதவர்களும் உருகி உருகிக் கேட்ட கதாகாலட்சேபம் அதைத் தன் வழியில் உள்ளே இழுத்துக்கொண்டது.

இந்தக் கதை பலமுறை படமானது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார் என்பது அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. 1942இல் ஜெமினி எடுத்தபோது நந்தனார் எம். எம். தண்டபாணி தேசிகர். இந்தப் படத்தை அதன் காலத்தோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன்புதான், 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு போயிருந்தார். கோயில் நுழைவுதான் அன்றைய பெரிய பேச்சு. காந்தியின் அரிசன இயக்கத்தை ஏற்றுக்கொண்ட படித்த நடுத்தர மக்களுக்கு இந்தக் கதை கச்சிதமாகப் பொருந்தியது. நந்தன் கும்பிட்டுக்கொண்டே கேட்கிறார், யாரையும் பகைக்கவில்லை, கடைசியில் வேதியரே மனம் மாறி நந்தனை வணங்குகிறார்.

முடிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். நந்தன் உள்ளே போவதற்குமுன் தீயில் இறங்குகிறார். எழுந்து வரும்போது பூணூல் துலங்கும் முனிவராக வருகிறார். நந்தனாகவே உள்ளே போனார் என்று கதை சொல்லவில்லை. அவர் பிறப்பு எரிந்த பிறகே வழி கிடைத்தது. 1942இல் அரங்கில் கண்ணீர் விட்ட யாரும் பொய்யாக அழவில்லை. ஆனால் அந்தச் சமூகம் எவ்வளவு தூரம் வரத் தயாராக இருந்தது என்பதை அளக்க அந்தத் தீ போதும்.

ஏழே வருஷம் கழித்து கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இந்தக் கதையைத் தலைகீழாகத் திருப்பினார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போய் 1947இல் வெளியே வந்தவர், அதன்பிறகு மேடையில் நடத்தியது 'கிந்தனார்' காலட்சேபம். பாட்டெல்லாம் உடுமலை நாராயணகவி. 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அதையே வைத்தார். அந்தப் படத்துக்கு எழுதியவர் அண்ணா. அதே பாகவதர் நடை, அதே ஜால்ரா, பின்பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் இவர் சொல்வது நந்தன் கதையல்ல, கிந்தன் கதை. கிந்தனுக்குத் தில்லைக்குப் போக ஆசையில்லை, படிக்க ஆசை. வாத்தியார் அவனைச் சேர்க்க மாட்டேன் என்கிறார். அவன் பட்டணத்துக்கு ரயிலேறுகிறான். படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். விரட்டிய வாத்தியாரே எதிரே வந்து கைகட்டி நிற்கிறார்.

நடுவில் வரும் ரயில் பாட்டை அவசியம் கேளுங்கள். கரகரவென்று சக்கரம் சுழல, கரும்புகை விட்டு வருகிற வண்டி. கலைவாணர் அந்த ரயிலைக் கொண்டாடுவதற்கு ஒரு காரணம் சொல்கிறார்: உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே தீ, இங்கே நீராவி. நந்தனுக்குக் கோயில் வாசல், கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். சாமியிடம் கேட்ட இடத்தில் சர்க்காரிடம் கேட்கிறார்கள். இட ஒதுக்கீட்டு ஆணை நீதிமன்றத்தில் அடிபட்டு, மாநிலமே கொதித்து, 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது; அதற்கு இரண்டு வருஷம் முன்பு வந்த படம் இது. திராவிட இயக்கம் என்ன கேட்டது என்பதற்கு நான் கட்டுரைகளைத் தேடச் சொல்வதில்லை, இந்தக் காலட்சேபத்தைத்தான் கேட்கச் சொல்வேன்.

ரயில் டிக்கெட்டைப் போலத்தான் சினிமா டிக்கெட்டும். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி இதை அழகாகக் கவனித்துச் சொன்னார்: தமிழர்கள் அத்தனை பேரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது கையில் இருந்த காசு, பிறந்த சாதியில்லை. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டுக்கு மணல்தான். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் முன்னாலிருப்பவர் தலை மறைக்காது. பின்னால் இருப்பவர் சத்தம் போடுவார், மேடு கலையும், திரும்பக் குவிப்போம். அந்த மணலில் பக்கத்தில் இருந்தவர் எந்தத் தெரு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. படம் விட்டு வெளியே வந்து டீக்கடைக்குப் போனால் அங்கே தனிக் குவளை இருந்தது. இரண்டும் ஒரே ஊர், ஒரே இரவு.

1952இல் 'பராசக்தி'. கலைஞரின் வசனத்தை இசைத்தட்டில் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று இருந்தது. "கோயில் கூடாது என்பதற்காக அல்ல, கோயில் கொடியவர்களின் கூடாரமாக இருக்கக்கூடாது என்பதற்காக" என்று குணசேகரன் கூண்டில் நின்று பேசும்போது, நந்தன் கேட்க முடியாததை ஒருவன் கேட்கிறான். கேட்கிற குணசேகரன் யார்? வசதியான குடும்பத்துப் பிள்ளை. போரும் வறுமையும் தெருவுக்குத் தள்ளியவன். கேள்வி கூர்மையானது, ஆனால் கேட்கும் வாய் மாறிவிட்டது. அங்கிருந்து சாதி மெல்ல மெல்ல வறுமையின் உடையைப் போட்டுக்கொண்டது. எம்.ஜி.ஆர். மீனவரானார், விவசாயியானார், ரிக்‌ஷாக்காரரானார். ஏழைக்கு அள்ளிக் கொடுத்தார், பண்ணையாரைச் சவுக்கால் அடித்தார். நான் அந்தப் படங்களைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நாள் முழுக்கக் குனிந்து நின்ற ஒருவர் இரவில் மூன்று மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது. ஆனால் அந்த நாயகனுக்குச் சொல்லப்பட்ட சாதி கிடையாது. உங்கள் அப்பா "அப்போது சாதியில்லை" என்று நினைவுவைத்திருப்பது இந்தப் படங்களைத்தான்.

அந்தக் காலம் எதைப் பேசாமல் விட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, நாற்பது வேலியை நந்தன் அறுத்ததாகக் கதை சொல்லும் அதே சோழநாட்டில், கீழ்வெண்மணியில் கூலி கேட்ட மக்கள் தஞ்சம் புகுந்த குடிசைக்கு நிலக்கிழார்களின் ஆட்கள் தீ வைத்தார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த பல ஆண்டுகள் வசூல் படங்களில் அந்தத் தீயின் சுவடே இல்லை. அதை அடியொற்றிய கதையோடு 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' வந்தது 1983இல், அதுவும் பரவலாக ஓடாத ஒரு படமாக.

அதிகாரம் எதற்குப் பயந்தது என்பதும் நல்ல அளவுகோல். நாடக நடிகர் விசுவநாததாஸ் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகனாக நின்று 'கொக்குப் பறக்குதடி பாப்பா' என்று பாடினால், அந்த வெள்ளைக் கொக்கு யாரென்று கூட்டத்துக்கும் தெரியும், காவல்துறைக்கும் தெரியும். பலமுறை சிறை சென்றவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே, முருகன் வேடத்திலேயே உயிர்விட்டார். அதே ஆண்டுதான் 'தியாகபூமி' படத்தைத் தடை செய்தார்கள். கைவிட்ட கணவன் சேர்ந்து வாழ வழக்குப் போடும்போது, வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்று நீதிமன்றத்தில் சொல்லும் பெண் அந்தப் படத்தின் நாயகி. படம் வந்த வருஷம் 1939! நாற்பது ஆண்டுக்குப் பிறகும் படித்த, பணக்காரப் பெண்ணை ஓர் அறை விட்டுப் புடவை கட்டவைக்கும் நாயகனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம். காலம் போகப்போக மதிப்புகள் தானாக முன்னேறிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பயம் போகவில்லை. எம். ஆர். ராதாவின் நாடகங்களுக்குக் கடிவாளம் போட 1954இல் சென்னை மாநில அரசு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது 2013இல்தான். 'அன்பே வா' படத்துப் பாட்டில் உதயசூரியன் என்று இருந்ததைத் தணிக்கையில் மாற்றச் சொல்லி, "புதிய சூரியனின் பார்வையிலே" ஆனது. 1966இல் அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம்.

சாதியைப் பெயர் சொல்லிக் கேட்ட காட்சி என்றால் 1987இல் வந்த பாரதிராஜாவின் 'வேதம் புதிது'. ஊர்ப் பெரியவர் பாலுத்தேவர் பகுத்தறிவு பேசுபவர். ஆற்றில் இறங்கி நிற்கிறார். கரையில் அனாதையான அக்கிரகாரத்துச் சிறுவன். அவனிடம் சாதியைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, பாலு என்பது உங்கள் பெயர், தேவர் என்பது நீங்கள் படித்து வாங்கின பட்டமா என்று கேட்டுவிடுகிறான். பளார் என்று அறையும் ஓசை. அடித்தவர் யாருமில்லை, சத்யராஜின் முகம் மட்டும் அடிவாங்கியதுபோல் திரும்புகிறது. திரும்பத் திரும்ப அந்த ஓசை. தன்னைப் பகுத்தறிவாளன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் பெயருக்குப் பின்னால் எதைச் சுமக்கிறார் என்று ஒரு வெகுஜனப் படம் கேட்ட இடம் அது. இங்கேயும் கேட்பவன் பிராமணச் சிறுவன், வாங்குபவர் தேவர். நந்தனின் சேரி அந்தக் கரையில் எங்குமே இல்லை.

தொண்ணூறுகள்தான் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. தலைவர் பதவிகளில் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு. அதே 1994 தீபாவளிக்கு 'நாட்டாமை'. பரம்பரை பரம்பரையாகத் தீர்ப்புச் சொல்லும் குடும்பம், ஒரு குடும்பத்தைப் பதினெட்டு வருஷம் ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் தீர்ப்பு, அதற்குக் கண்கலங்கும் ஊர். நானும் கண்கலங்கித்தான் பார்த்தேன். 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மேலூர் அருகே மேலவளவு தாழ்த்தப்பட்டோருக்கான தனி ஊராட்சி ஆனதை ஏற்காதவர்கள், வென்று தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலையே ஒழுங்காக நடத்த முடியவில்லை. படத்தால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. நாற்காலி கைமாறப்போகிறது என்று ஊருக்குள் ஒரு கலக்கம் இருந்தது. அந்தக் கலக்கத்துக்கு ஆறுதலாகப் பழைய நாற்காலியைத் திரையில் அலங்கரித்துக் காட்டினார்கள். 'தேவர் மகன்' 1992இல் வன்முறை வேண்டாம், படியுங்கள் என்று முடிகிற படம். ஆனால் தென்மாவட்டக் கல்யாண வீடுகளிலும் ஊர்வலங்களிலும் ஒலிபெருக்கியில் ஓடியது அந்த முடிவு இல்லை, 'போற்றிப் பாடடி பொண்ணே' பாட்டு. ஒரு படைப்பிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்று ஊர்தான் முடிவு செய்கிறது.

இப்போது 2018க்கு வாருங்கள். 'பரியேறும் பெருமாள்'. புளியங்குளத்துப் பையன் திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்கு வருகிறான். இவன் கிந்தனின் பேரன். படிக்கத்தான் வந்திருக்கிறான், சேர்க்கையும் கிடைத்துவிட்டது. முதல்வர் அறையில் உட்கார்ந்திருப்பவரும் அவனைப் போலவே அடிபட்டு, படித்து, மேலே வந்தவர். கலைவாணர் கண்ட கனவு நடந்தேவிட்டது. கல்வி அதிகாரியாகத் திரும்பிவந்த கிந்தனே அந்த நாற்காலியில் இருப்பதாக நான் பார்ப்பேன். அதற்குப் பிறகும் பையனைக் கல்யாண வீட்டில் அறையில் அடைத்து அடிக்கிறார்கள்.

ரயிலைக் கவனியுங்கள். படம் தொடங்கிய சற்று நேரத்தில் பரியனின் நாய் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போடுகிறார்கள், ரயில் வருகிறது. கடைசியில் பரியனையே அடித்து மயக்கித் தண்டவாளத்தில் கிடத்துகிறார் ஒரு கிழவர். எழுபது ஆண்டுக்கு முன்னால் எல்லாச் சாதியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போன அதே வண்டி. மாரி செல்வராஜ் கலைவாணரை நினைத்து அந்தக் காட்சியை வைத்தாரா என்பது முக்கியமில்லை. 2013 ஜூலையில் தருமபுரி இளவரசனின் உடலும், 2015 ஜூனில் கோகுல்ராஜின் உடலும் ரயில் பாதையில் கண்டெடுக்கப்பட்ட செய்தியைப் படித்த யாருக்கும் அந்தத் தண்டவாளம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு முறை கல்லூரி மாணவர்களுக்குக் கிந்தனார் பகுதியைப் போட்டுக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள். வாத்தியார் கைகட்டும் இடத்தில் கைதட்டல்கூட வந்தது. விளக்குப் போட்டதும் கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "சார், அதிகாரியா வந்தாரே, அன்னைக்கு ராத்திரி அவர் எந்தத் தெருவில தங்கியிருப்பார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் காலட்சேபத்தைச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது தோன்றியதே இல்லை. இன்றைய படங்கள் அந்த மாணவியின் கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. பள்ளிக்கூடத்துக்குள் போனாயிற்று, அதிகாரியும் ஆயிற்று. தெருவுக்குள் என்ன ஆனது என்று அவை கேட்கின்றன.

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2020இல் வந்த 'திரௌபதி' காதல் கல்யாணங்களுக்குப் பின்னால் சதி இருப்பதாகச் சொன்ன படம். அதற்கும் கூட்டம் வந்தது. அசுரனும் கர்ணனும் ஓடிய அதே ஊர்களில்தான் இதுவும் ஓடியது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் இந்தக் காலத்தை எழுதப்போகிறவர் அதையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். மகளின் கல்யாணத்தைப் பற்றிய அச்சம் இன்று எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதற்கு அதுவும் சான்று.

உங்கள் அப்பாவோடு பேச ஒரு வழி சொல்கிறேன். வாதம் வேண்டாம். இரண்டு படங்களை அடுத்தடுத்துப் போடுங்கள், இரண்டிலும் வடிவேலுவை மட்டும் பாருங்கள். 'தேவர் மகன்' படத்தில் அவர் இசக்கி. சின்னையா சொன்னார் என்று கோயில் பூட்டை உடைக்கிறார். அதற்காக அவர் கையை வெட்டிவிடுகிறார்கள். மருத்துவமனையில் கட்டிலில் கிடந்தபடி, திங்கிற கையிலேயே கழுவவும் வேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரிக்கப் பார்க்கிறார். கதை அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. முப்பத்தொரு வருஷம் கழித்து, 2023இல் 'மாமன்னன்'. இந்தப் படம் உருவாகத் தேவர் மகனே காரணம் என்று அதன் இயக்குநர் மேடையிலேயே சொன்னார். அதில் வடிவேலு சட்டமன்ற உறுப்பினர், தனித்தொகுதி. கட்சியின் மாவட்டப் புள்ளி வீட்டுக்குப் போனால் நாற்காலி இருக்கும், ஆனால் இவர் நிற்பார். எத்தனையோ வருஷப் பழக்கம். ஒரு நாள் மகன் கூடப் போகிறான். உட்காருங்கப்பா என்கிறான். அவர் தயங்குகிறார். மறுபடியும் சொல்கிறான்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு அப்பாவைப் பாருங்கள். அவர் வயதுக்காரர்கள் பலருக்கு எந்த வீட்டில் யார் நின்றார்கள், யார் உட்கார்ந்தார்கள் என்பது நன்றாகவே நினைவிருக்கும். சொல்லத் தொடங்கினார் என்றால், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.